சேகரத்துப் பழைய பதிவேடுகள்: பீரோவில் பூட்டி வைப்பதா, படியெடுத்துப் பகிர்வதா?

வெஸ்ட்ரிக்காரன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். தேரிக்காட்டு ஓரத்தில் உள்ள ஒரு சேகரத்துக்கு (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைத் தொகுதிக்கு) இந்த ஆண்டு செயலாளராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். கடந்த ஐப்பசி மழையில் ஆலயத்தின் அலுவல் அறையான வெஸ்ட்ரியின் மட்டப்பா ஒழுகியதால் பீரோவை நகர்த்த வேண்டியிருந்தது. அடித்தட்டில், கிழிந்துபோன பழைய வெள்ளை அங்கி ஒன்றில் சுற்றி, 11 பதிவேடுகள் இருந்தன. ஞானஸ்நானப் பதிவேடுகள் ஐந்து, விவாகப் பதிவேடுகள் மூன்று, அடக்கப் பதிவேடுகள் இரண்டு, திடப்படுத்தல் பட்டியல் ஒன்று. மிகப் பழைய ஞானஸ்நானப் பதிவேடு 1846இல் தொடங்குகிறது. ஆலயப் பணியாளரான கோயில்குட்டியாருக்கு மட்டுமே இவை இருப்பது தெரிந்திருந்தது. "ஐயர் யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார். ஐயர் என்று நாங்கள் சொல்வது குருவானவரை.

சேகரக் கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பதிவேடுகளை உடனே படம் பிடித்து, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் சபை மக்கள் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பது இளையவர்களின் விருப்பம். பீரோவைப் பழுது பார்த்துப் பூட்டினால் போதும் என்பது மூத்தவர்களின் முடிவு. என் கவலை வேறு. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயத்தின் பதிவுகள், அந்த ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்ட 1680இலிருந்தே தொடங்குகின்றன. கம்பெனிக்காரர்களான எலிகூ ஏல், ராபர்ட் கிளைவ் ஆகியோரின் திருமணங்கள் அங்கே நடந்தவை. அந்த ஆலயத்துத் திருமண, அடக்கப் பட்டியல்கள் 1900களின் தொடக்கத்திலேயே சென்னையில் அச்சேறிவிட்டன. கம்பெனிக் காலத்திலும் பின்னர் ராணி ஆட்சியிலும் குருமார் எழுதியனுப்பிய ஞானஸ்நான, விவாக, அடக்கப் படிகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்திய அலுவலக ஆவணங்களோடு பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அந்தப் படிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும்தான். நம் ஊர்ப் பனையேறியின் பிள்ளைக்குக் கொடுத்த ஞானஸ்நானத்தை யாரும் லண்டனுக்கு எழுதியனுப்பவில்லை. அது அந்தச் சேகரத்துப் புத்தகத்தில் ஒரே ஒரு முறை எழுதப்பட்டது. அந்தப் புத்தகம் போனால் அந்தப் பெயரும் போகும்.

ஆகவே பாதுகாப்பது எப்படி, பகிர்வது எந்த அளவுக்கு என்று அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மாசிக்காய்

ஐயா, நான் ஓர் ஆவணக் காப்பகத்தின் பழுதுபார்ப்புப் பிரிவில் 28 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒரு கேள்வி. எழுத்து பழுப்பாக இருக்கிறதா, கறுப்பாக இருக்கிறதா? பழுப்பாக இருந்து, தாளின் பின்புறத்திலும் எழுத்தின் வடிவம் தெரிந்தால், அது என் புனைபெயருக்குரிய மை. மாசிக்காயை இடித்து ஊற வைத்து, அன்னபேதியும் பிசினும் சேர்த்துக் காய்ச்சிய அந்த மையில் அமிலமும் இரும்பும் உண்டு. எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்றுப் பட்டபின் கறுத்து, நூறு ஆண்டு கழிந்தால் பழுத்து, ஈரம் பட்டால் தாளையே அரித்துவிடும். சுழித்துச் சுழித்து எழுதிய பெயர்கள் ஓட்டையாக உதிர்ந்து, சுற்றியுள்ள தாள் மட்டும் நிற்கும் பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நனைந்த புத்தகத்தை வெயிலில் காய வைக்காதீர்கள். மின்விசிறிக் காற்று படும் நிழலில், பக்கங்களுக்கிடையே மை அச்சில்லாத வெள்ளைத் தாளை வைத்து, அதை மணிக்கொரு முறை மாற்றுங்கள்.

இரண்டாவதாக, செய்யக் கூடாதவை. செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி, எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். லேமினேஷன் செய்யாதீர்கள், அடையாள அட்டைக்குப் பொருத்தமான வேலை அது, 1846ஆம் ஆண்டுத் தாளைச் சூட்டில் வைத்துப் பிளாஸ்டிக்கோடு உருக்கி இணைத்தால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. அந்துருண்டையைப் பக்கங்களுக்குள் போடாதீர்கள். இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் பயந்து பீரோவைச் சுவரோடு ஒட்டி வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். கரையான் ஏறி வரும் வழியே சுவர்தான். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி வையுங்கள். வெள்ளை அங்கியில் சுற்றி வைத்தவர் யாரோ, விவரம் தெரிந்தவர். கஞ்சி போடாத பழைய பருத்தித் துணியை விட நல்ல உறை உங்கள் ஊரில் கிடைக்காது.

வெஸ்ட்ரிக்காரன்

அண்ணாச்சி, எழுத்து பழுப்புத்தான், பின்புறமும் தெரிகிறது. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 1860களின் ஞானஸ்நானப் பதிவேடு ஒன்று தையல் விட்டுப் போயிருந்ததால், இந்த இழையைத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, பக்கத்து நகரில் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்தேன். மூன்றாம் நாள் பளபளக்கும் சிவப்பு ரெக்சின் அட்டையோடு வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிரித்துப் பார்த்த பிறகுதான் வயிறு கலங்கியது. ஓரங்கள் சமமாக இருக்கட்டும் என்று வெட்டும் இயந்திரத்தில் வைத்து மூன்று பக்கமும் அரை அங்குலம் சீவியிருந்தார்கள். வலப்புற ஓரத்தில்தான் அந்தக் காலத்து உபதேசியார் (குருவானவருக்குக் கீழ் ஊர்ச் சபையைக் கவனித்தவர்) சிறுகுறிப்புகளை எழுதியிருந்திருக்கிறார். இப்போது "...ண்டி போ", "...தாயார் மர", "...பெயர் மாற்" என்று பாதிச் சொற்களே இருக்கின்றன. சீவிய துண்டுகளைக் கேட்டு ஓடினேன். அவை முந்தைய நாளே பழைய பேப்பர்க்காரருக்குப் போய்விட்டன. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன்; கணக்குப் புத்தகத்துக்கு எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தார். சொல்லிக் கொடுக்காதது என் பிழை.

கண்டிப் பேத்தி

வணக்கம். நான் இலங்கையின் மலையகத்தில் பிறந்தவள். என் பாட்டியின் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசியார் என்பது எங்கள் வீட்டில் வாய்வழியாக வரும் செய்தி. கோப்பித் தோட்டத் தொழிலாளர்களுக்காகச் சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரிச் சங்கத்தார் 1854இல் தமிழ்க் கூலி மிஷன் என்ற ஊழியத்தைத் தொடங்கியபோது, திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் கண்டிப் பக்கம் அனுப்பப்பட்டது வரலாறு. ஆனால் எந்தச் சேகரத்திலிருந்து, எந்தக் குடும்பத்திலிருந்து என்பது வரலாற்று நூல்களில் இருக்காது. உங்கள் பீரோக்களில்தான் இருக்கும்.

நான் ஐந்து சேகரங்களுக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது. "நேரில் வந்து, தேதியைச் சரியாகச் சொன்னால், கட்டணம் செலுத்திச் சான்று பெற்றுக்கொள்ளலாம்" என்று. தேதி தெரிந்திருந்தால் நான் ஏன் கடிதம் எழுதப் போகிறேன்? இங்கிலாந்துச் சபையின் கதையைப் பாருங்கள். 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஒவ்வொரு பங்கிலும் (நம் சேகரம் போன்றது) பதிவேடு வைக்கக் கட்டளையிட்டார். அதை வைக்கும் பெட்டிக்கு இரண்டு பூட்டுகள் இருக்க வேண்டும், ஒரு சாவி குருவானவரிடமும் மற்றது சபை மூப்பர்களிடமும் இருக்க வேண்டும் என்றார். 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு படி எழுதி அத்தியட்சருக்கு (பிஷப்புக்கு) அனுப்பும் வழக்கமும் ஏற்பட்டது. தீயிலும் வெள்ளத்திலும் பங்கின் மூலப் புத்தகம் அழிந்த எத்தனையோ ஊர்களில், அந்த இரண்டாம் படியை வைத்துத்தான் இன்று குடும்ப வரலாறு எழுதுகிறார்கள். நம்மிடம் வந்த பிரார்த்தனைப் புத்தகம் அவர்களுடையது, பாட்டு அவர்களுடையது, பதிவேட்டின் கட்டங்கள்கூட அவர்களுடையவை. இரண்டாம் படி எழுதும் வழக்கம் மட்டும் ஏன் கிராமத்துச் சபைவரை வந்து சேரவில்லை?

பழைய கமிட்டியார்

மகளே, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் பூட்டி வைக்கச் சொல்பவர்களை அறியாதவர்கள் என்று இங்கே எழுதிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் 30 ஆண்டுகளுக்கு மேல் கமிட்டியில் இருந்தவன்.

பிறப்புச் சான்று பரவலாவதற்கு முன் ஞானஸ்நானச் சான்றுதான் வயதுச் சான்று. அரசு வேலைக்குப் போனவர்களும் ஓய்வு பெற இருந்தவர்களும் வெஸ்ட்ரிக்கு வந்து என்னென்ன கேட்டார்கள் என்பதை நான் எழுத மாட்டேன். 1930களின் பதிவேட்டில் பிறந்த ஆண்டின் கடைசி எண் மட்டும் வேறு மையில் தடித்திருக்கும் இடங்கள் உண்டு. அவற்றை ஊர் முழுவதும் பெரிதாக்கிப் பார்க்கும்படி இணையத்தில் போட்டால், இறந்தவர்களின் பெயர் கெடும். அவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பழைய பதிவேடுகளில் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. மிஷனரிமார் ஒரு பக்கம் சாதியை விடச் சொல்லிப் பிரசங்கித்தார்கள். மறுபக்கம் ஞானஸ்நானம் கொடுத்த கையோடு சாதியையும் எழுதி வைத்தார்கள். அதைப் பற்றி விவாதிக்க நான் வரவில்லை. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையின்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது; தமிழ்நாட்டில் ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு சான்றிதழும் தம்பிக்கு வேறு சான்றிதழும் இருக்கும் நிலை எதனால் வந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உங்கள் பாட்டியின் ஞானஸ்நானப் பக்கத்தை யாரோ ஒருவர் பதிவிறக்கம் செய்து, பேரனின் வேலைக்கு எதிராக மனுப் போட்டால், படம் பிடித்து ஏற்றிய பிள்ளைகள் வந்து பதில் சொல்வார்களா? சொத்து வழக்குகளைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை.

ஏட்டுச்சுரைக்காய்

நான் திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றில் ஆய்வு செய்கிறவன். கறிக்கு உதவாதவன் என்று வீட்டிலேயே பெயர் வாங்கியவன். மூத்தவரின் அச்சம் கற்பனையன்று. நான் அதை ஏற்கிறேன். ஆனால் அவர் சுட்டியவை அனைத்தும் உயிரோடிருப்பவர்களையும் அவர்களுக்கு ஒரு தலைமுறை முந்தியவர்களையும் தொடுபவை. 1846ஆம் ஆண்டுப் புத்தகத்துக்கும் 1936ஆம் ஆண்டுப் புத்தகத்துக்கும் ஒரே பூட்டைப் போட வேண்டியதில்லை.

பழைய பட்டியலால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1780இல் பாளையங்கோட்டைச் சபையாரின் பெயர்களை எழுதிய ஒரு பட்டியல் தப்பிப் பிழைத்தது. அதில் 40 பேர். முதல் பெயர், 1778இல் பாளையங்கோட்டையிலேயே ஜெர்மன் மிஷனரி சுவார்ச் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மாளுடையது. அந்த ஒரு பட்டியல் இல்லாவிட்டால் திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி இருக்காது. கால்டுவெல் 1881இல் மிஷனின் தொடக்க வரலாற்றை எழுதியபோதும் அதை எடுத்து வைத்துத்தான் எழுதினார். 40 பேர் உள்ள ஒரு தாள் அவ்வளவு பேசும் என்றால், ஆயிரக்கணக்கான பெயர்கள் உள்ள உங்கள் 11 புத்தகங்கள் எவ்வளவு பேசும்?

தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1877, 1878 ஆகிய ஆண்டுகளில் எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு இங்கிலாந்து மிஷனரிச் சங்கத்தின் சேகரங்களில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள் என்று மிஷன் அறிக்கைகள் பெருமையோடு சொல்கின்றன. அறிக்கை தரும் எண்ணிக்கைக்குள் யார் இருந்தார்கள் என்பதைப் பதிவேடுதான் காட்டும். நான் பார்த்த ஒரு புத்தகத்தில் 1870களின் தொடக்கத்தில் ஒரு பக்கம் நிரம்ப மூன்று மாதம் ஆகியிருக்கிறது. பஞ்சத்துக்குப் பிறகு ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு பக்கங்கள். அதே சேகரத்தின் அடக்கப் பதிவேட்டில், அந்த நான்கு பக்கங்களில் இருந்த குழந்தைகளில் பலரின் பெயர் ஓராண்டுக்குள் வந்துவிடுகிறது. இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "எல்லாம் வெளிநாட்டில் பத்திரமாக இருக்கிறது" என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக உண்டு. சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்போர்டில் பாட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே இருப்பவை மிஷனரிகள் தங்கள் சங்கத்துக்கு எழுதிய கடிதங்கள், அறிக்கைகள், கணக்குகள். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் காப்பகத்திலும் நல்ல திரட்டு உண்டு. இவை எவற்றுக்கும் சேகரத்துப் பதிவேடு ஈடாகாது. கால்டுவெல்லின் இடையன்குடிக் கோயிலைக் கட்டி முடிக்க 1847 முதல் 1880 வரை 33 ஆண்டுகள் ஆயின என்பதைக் கடிதங்கள் சொல்லும். அந்த 33 ஆண்டுகளில் அந்தக் கட்டடத்தில் கல் சுமந்தவர்களின் பெயர் வேண்டுமென்றால் பதிவேட்டுக்குத்தான் வர வேண்டும்.

வழக்குக்கட்டு

நான் வழக்கறிஞர். பொதுவான கருத்தாக மட்டும் இதைக் கொள்ளுங்கள்.

விவாகப் பதிவேடுகளுக்கு ஒரு தனிநிலை உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி குருவானவர் எழுதும் விவாகப் பதிவின் படி அரசுப் பதிவாளருக்குப் போக வேண்டும். ஆகவே கண்டிச் சகோதரி ஏங்கும் இரண்டாம் படி, திருமணத்துக்கு மட்டும் ஓரளவு இருக்கிறது. ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அப்படியொரு கட்டாயம் இல்லை. எதை முதலில் படம் பிடிப்பது என்று வரிசை போடுவதானால், ஞானஸ்நானப் புத்தகமும் அடக்கப் புத்தகமும் முன்னே நிற்க வேண்டும். பெரும்பாலான சேகரங்கள் கல்யாணப் புத்தகத்தில் தொடங்குகின்றன, ஏனென்றால் அதுதான் அடிக்கடி கேட்கப்படுவது.

உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, பெற்றோர் பெயர், சாதி ஆகியவற்றை ஒப்புதல் இல்லாமல் இணையத்தில் ஏற்றுவது, 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வீண் வம்பு. இங்கிலாந்தில் 1978ஆம் ஆண்டின் சபைச் சட்டம் 100 ஆண்டுகளைக் கடந்த பங்குப் பதிவேடுகளை மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. நாமும் 100 ஆண்டு என்ற கோட்டை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கோட்டுக்கு இப்பால் உள்ளதைச் சம்பந்தப்பட்டவரோ அவர் வாரிசோ விண்ணப்பித்தால் மட்டும் தரலாம்.

ஆனால் ஒரு புத்தகம் 1911இல் தொடங்கி 1948இல் முடிந்தால் என்ன செய்வது? கடைசிப் பதிவின் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும்; பாதிப் புத்தகத்தைத் திறந்து பாதியை மூடும் சமர்த்து நடைமுறையில் நிற்காது. முக்கியமான இன்னொன்று: கமிட்டி மட்டும் தீர்மானம் போட்டால் போதாது. புத்தகம் சேகரத்தின் பொறுப்பில் இருந்தாலும், திருமண்டல (மறைமாவட்ட) அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் படங்களை வெளியே கொடுத்தால், நாளை கமிட்டி மாறும்போது இதுவே தேர்தல் பிரச்சினையாகும். நம் தேர்தல்களைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பழைய கமிட்டியார்

100 ஆண்டுக் கோட்டுக்கு நான் எதிரி அல்ல. ஆனால் சாதிக் கட்டம் 1850லும் இருக்கிறது. பேரன் 2025லும் இருக்கிறான். குடும்பப் பெயர் இல்லாத நம் ஊரில், ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் இருந்தால் நான்கு தலைமுறையைக் கோத்துவிடுவார்கள். இதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஏட்டுச்சுரைக்காய்

பதில் சொல்ல முயல்கிறேன், ஐயா. பொதுவில் வைப்பது பெயரடைவு மட்டுமாக இருக்கட்டும்: பெயர், தகப்பன் பெயர், ஊர், ஆண்டு, பக்க எண். சாதிக் கட்டம் அடைவில் வேண்டாம். பக்கத்தின் படம் வேண்டுவோர் காரணத்தை எழுதிக் கேட்கட்டும். ஆனால் படத்தில் அந்தக் கட்டத்தை மறைத்தோ மூலத்தில் அடித்தோ வைக்கக் கூடாது. சில சேகரங்களில் சீர்திருத்த ஆர்வத்தில் அந்தக் கட்டத்தின் மேல் நீல மை பூசியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நோக்கம் நல்லது, ஆனால் யாரை எந்தத் தெருவில் உட்கார வைத்தோம் என்பதற்கான சாட்சியமும் அதோடு போயிற்று. ஒடுக்கப்பட்டவர்களின் வரலாற்றை எழுத வருகிறவருக்கு அந்தக் கட்டம்தான் கிடைக்கும் ஒரே ஆதாரமாக இருக்கலாம். அனுமதி கேட்டுப் பார்க்கும் இடத்தில் அது முழுமையாக இருக்க வேண்டும்.

இப்படிச் செய்வதால் ஆபத்து முழுவதும் நீங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. குறையும்.

மாசிக்காய்

படம் பிடிக்கும் முறையைப் பற்றி எழுதிவிடுகிறேன். அலுவலகத்து ஸ்கேனரில் புத்தகத்தைக் கவிழ்த்து அழுத்தாதீர்கள், தையல் பிளக்கும். புத்தகத்தை நிமிர்த்தி, முழுவதும் விரியாதபடி இரு பக்கமும் மடித்த துண்டுகளால் தாங்கல் கொடுத்து, நேர் மேலே கேமராவைப் பொருத்தி எடுங்கள். நல்ல கைபேசி கூடப் போதும், ஆனால் கையில் பிடித்து எடுக்கக் கூடாது. தாங்கியில் பொருத்த வேண்டும். ஃப்ளாஷ் வேண்டாம். வடக்குப் பார்த்த ஜன்னலின் காலை வெளிச்சத்தைப் போல நல்ல விளக்கு இல்லை. ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் இருக்கட்டும். அட்டை, வெற்றுப் பக்கம், பின்னட்டையின் உட்புறம் எதையும் விடாதீர்கள்; உபதேசியார்கள் கடன் கணக்கு எழுதியதும் மழை பெய்த நாளைக் குறித்ததும் அங்கேதான்.

கோப்புகளை மூன்று இடங்களில் வையுங்கள். அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு சேகரம் எல்லாவற்றையும் அழகாகப் படம் பிடித்து, அப்போதைய செயலாளரின் சொந்த மின்னஞ்சல் கணக்கில் ஏற்றி வைத்தது. அவர் திடீரென்று காலமானார். கடவுச்சொல் அவரோடு போயிற்று. வீட்டாரிடம் துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அதைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

ஏட்டுச்சுரைக்காய்

படித்து எழுதுகிறவர்களுக்கும் சில குறிப்புகள். பழைய கையெழுத்தில் புள்ளி இருக்காது; காலும் ரகரமும் ஒரே உருவில் இருக்கும்; எகர ஒகரங்களில் குறிலா நெடிலா என்பதைப் பொருளை வைத்துத்தான் அறிய முடியும். ணை, லை, ளை, னை ஆகியவை 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கொம்புடன் வரும். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. தமிழ் எண்கள் வந்தால் இளைஞர்கள் தடுமாறுவார்கள்: ௭, ௮ என்பவற்றை எ, அ என்று படித்து "இது யாருடைய இனிஷியல்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பதிவேட்டோடு நிலப் பத்திரங்களும் கிடந்தால் அவற்றில் கொல்லம் ஆண்டு இருக்கக்கூடும். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824ஐயும் அதன் பிறகு 825ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதிய பதிவேடுகளில் ஞானமுத்துவை ஒவ்வொரு துரையும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். இருப்பதை இருக்கிறபடியே ஒரு நிரலிலும், இன்று நாம் எழுதும் வடிவத்தை இன்னொரு நிரலிலும் எழுதுங்கள். திருத்துகிறேன் என்று மூல வடிவத்தை விட்டுவிட்டால் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது.

வெஸ்ட்ரிக்காரன்

நான்கு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பிரதிஷ்டைப் பண்டிகையும் அசனமும் (சபை விருந்தும்) நடுவில் வந்துவிட்டன.

திருமண்டலத்திலிருந்து எழுத்துமூல அனுமதி கிடைத்தது. 1846 முதல் 1921 வரையிலான ஞானஸ்நான, அடக்கப் புத்தகங்கள் ஐந்தையும் படம் பிடித்து முடித்தோம். 1,900க்குச் சற்று மேற்பட்ட படங்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேர் சனிக்கிழமைதோறும் வந்தார்கள். வன்தட்டு ஒன்று வெஸ்ட்ரியிலும், ஒன்று திருமண்டல அலுவலகத்திலும், ஒன்று சென்னையில் உள்ள எங்கள் சபைக் குடும்பம் ஒன்றிலும் இருக்கிறது. பீரோவுக்கு இப்போது இரண்டு பூட்டுகள்; ஒரு சாவி ஐயரிடமும் மற்றது கமிட்டியிடமும் இருக்கின்றன. யோசனை சொன்னவர் கண்டிச் சகோதரி, அதாவது குரோம்வெல்.

பெயரடைவு 1846 முதல் 1871 வரை முடிந்திருக்கிறது. சாதிக் கட்டத்தை அடைவில் சேர்க்கவில்லை. பழைய கமிட்டியார் சொன்ன பயத்தை எங்கள் கூட்டத்திலும் ஒருவர் சொன்னார். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. தன் குடும்பத்துப் பெயர்களை அடைவிலிருந்து நீக்கக் கேட்டிருக்கிறார். 1850களில் இருக்கும் ஒருவரை இன்று ஒரு குடும்பம் மட்டும் தன்னுடையவர் என்று சொல்லி நீக்கலாமா என்பது தெரியாமல் அந்த விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியிருக்கிறோம்.

இப்போது ஒரு சந்தேகம். 1850களின் புத்தகம் பைண்டிங் கடைக்குப் போகாததால் ஓரக் குறிப்புகள் முழுமையாக இருக்கின்றன. அவற்றில் 17 பெயர்களுக்கு எதிரே "க.போ." என்று மட்டும் இருக்கிறது. சீவப்பட்ட புத்தகத்தில் நான் பார்த்த "...ண்டி போ" என்பது இதன் விரிவாக இருக்குமோ? கண்டி போனவர் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். கர்த்தருக்குள் போனவர் என்று ஐயர் நினைக்கிறார்.

கண்டிப் பேத்தி

17 பேரின் ஆண்டுகளையும் ஊர்களையும் அனுப்புங்கள், அண்ணா. என் ஆள் அதில் இருக்கிறாரோ இல்லையோ, இங்கே உள்ள தோட்டச் சபைகளின் பழைய புத்தகங்கள் இரண்டைப் பார்க்க எனக்கு அனுமதி இருக்கிறது.

மாசிக்காய்

அதற்கு முன் உங்கள் அடக்கப் பதிவேட்டைப் பாருங்கள். 17 பேரில் ஒருவராவது அந்தக் குறிப்புக்குப் பின் உள்ளூர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணப்பட்டிருந்தால், அடக்கத் தேதியும் குறிப்பின் மையும் ஒத்துப்போகின்றனவா என்று கவனியுங்கள். ஒருவரும் இல்லையென்றால் பிள்ளைகள் சொல்வதே சரி.

வெஸ்ட்ரிக்காரன்

நேற்று இரவு பார்த்தேன். 16 பேர் அடக்கப் பதிவேட்டில் இல்லை. ஒருவர் மட்டும், குறிப்பு எழுதிய 22 ஆண்டுகளுக்குப் பின், 1879இல் இருக்கிறார். இறந்த காரணம் என்ற கட்டத்தில் "ஜுரம்" என்றும், அதன் கீழே வேறு கையெழுத்தில் "திரும்பி வந்தவன்" என்றும் எழுதியிருக்கிறது.